‘பண்ணு’வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

வாசகர் கடிதம்: “பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. இப்போது கல்லூரியில் முதலாண்டு. பாடம், தேர்வு, மெயில் எல்லாமே ஆங்கிலம். பள்ளி, கல்லூரி, மாணவர் வாழ்க்கை பற்றிய ஆங்கிலச் சொற்கள் என்று கிடைத்த பட்டியல்களையெல்லாம் சேர்த்து, ஆயிரம் சொற்கள் வரை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். பொருள் கேட்டால் உடனே சொல்வேன். பேசப் போனால் வாக்கியம் வருவதில்லை. எங்களுக்கு ஒரு பாடம் எடுப்பவர் வெளிநாட்டுப் பேராசிரியர். ஒரு பகுதி புரியாமல், ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் லெக்சர், கைண்ட்லி கிளியர் இட் அட் தி எர்லியஸ்ட்’ என்று மெயில் அனுப்பினேன். ‘எந்தக் கருத்தில் உங்களுக்கு உடன்பாடு இல்லை? செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு என் ஆபீஸ் அவர்ஸ், வாருங்கள்’ என்று பதில் வந்தது. நான் எதையும் மறுத்துச் சொல்லவே இல்லையே! அவர் அலுவலக வேலையாக இருக்கும் நேரத்தில் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்று போகவும் இல்லை. தமிழ்வழியில் படித்ததுதான் தப்போ என்று தோன்றுகிறது. இன்னும் எத்தனை சொற்களை மனப்பாடம் செய்தால் சரியாகும்?”

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ஒரு சொல்கூட வேண்டாம். அந்த நோட்டை ஒரு மாதத்துக்கு மூடி வையுங்கள். இருபது வருடத்துக்கும் மேலாகக் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆயிரம் சொல் தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் தவிப்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். தமிழ்வழியில் படித்தது இதற்குக் காரணம் இல்லை. உங்கள் மெயிலில் இருக்கும் சிக்கல்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலவழியில் படித்தவர்கள் எழுதும் மெயிலிலும் அச்சு அசலாக இருக்கின்றன. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தினமும் எனக்கு வரும் மெயில்களைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த மெயிலையே எடுத்துக்கொள்வோம். ‘டவுட்’ என்ற சொல் உங்களுக்குத் தெரியும், எழுத்துப் பிழையும் இல்லை. பிறகு ஏன் அவர் அப்படிக் கேட்டார்? தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ‘சார், ஒரு சந்தேகம்’ என்று கையைத் தூக்கினால் புரியவில்லை, விளக்குங்கள் என்று பொருள். ‘அவன் சொல்வதில் எனக்குச் சந்தேகம்’ என்றால் நம்பிக்கை இல்லை என்று பொருள். நாம் ‘டவுட்’டைத் தமிழுக்குள் கொண்டுவந்தபோது சந்தேகத்தின் இரண்டு வேலையையும் அதன் தலையில் கட்டிவிட்டோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களுக்கு ‘டவுட்’ இரண்டாவது வேலையை மட்டும்தான் பார்க்கிறது. அதனால் ‘உங்கள் விரிவுரையில் எனக்கு டவுட்’ என்றதும், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. முதல் வேலைக்கு அவர்களிடம் இருக்கும் சொல் மிகச் சாதாரணமானது: ‘கொஸ்டின்’. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் டுடேஸ் லெக்சர்.’ எது புரியவில்லை என்று சொல்லிவிட்டால் இன்னும் நல்லது: ‘ஐ டிட்ன்ட் ஃபாலோ தி செகண்ட் பார்ட்.’ இங்கே ‘ஃபாலோ’ என்றால் பின்னால் நடப்பது இல்லை, பேச்சைத் தொடர்ந்து புரிந்துகொள்வது.

அடுத்தது ‘அட் தி எர்லியஸ்ட்’. சீக்கிரம் என்ற எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம் அலுவலகக் கடிதங்களில் அந்தப் பொருளில்தான் அது புழங்குகிறது. வெளியே அதன் பொருள் கிட்டத்தட்டத் தலைகீழ். ‘மண்டே அட் தி எர்லியஸ்ட்’ என்று ஒருவர் சொன்னால், எவ்வளவு முயன்றாலும் திங்கட்கிழமைக்கு முன்னால் நடக்காது என்று அர்த்தம். சீக்கிரம் என்பதற்கு ‘அஸ் சூன் அஸ் பாஸிபிள்’ இருக்கிறது. ஆனால் ஆசிரியரிடம் அதுவும் அவசரப்படுத்துவதுபோல இருக்கும். ‘வென் யூ ஹேவ் டைம்’ போதும். ‘கைண்ட்லி’யும் நாம் நினைக்கிற அளவுக்குக் குழைவான சொல் இல்லை. ‘கைண்ட்லி’ போட்டுக் கட்டளை வினையை எழுதினால் அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல இருக்கும். ‘குட் யூ...’ என்று கேள்வியாகக் கேட்பதில்தான் ஆங்கிலத்தின் பணிவு இருக்கிறது. ‘ரெஸ்பெக்டட் சார்’ என்பதிலும் குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அவருக்கு அது பழக்கமில்லாத விளிப்பு. ‘டியர் டாக்டர்’ அல்லது ‘டியர் புரொஃபெசர்’ என்று எழுதி, அதன் பின்னே அவருடைய குடும்பப் பெயரைப் போடுவதுதான் அவர்கள் வழக்கம்.

இந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். நமக்குத் தெரிந்திருப்பது தமிழுக்குக் குடிவந்துவிட்ட ஆங்கிலச் சொற்கள். அவை நம்மோடு இருந்து நம்முடைய பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டுவிட்டன. பிறந்த வீட்டில் அவற்றின் நடை வேறு.

ஒரு நாள் முழுக்க நாம் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். ‘அசைன்மென்ட் சப்மிட் பண்ணியாச்சா?’, ‘நேத்து கிளாஸ் அட்டெண்ட் பண்ணல’, ‘எக்ஸாமுக்கு பிரிப்பேர் பண்ணணும்’, ‘அவன் எல்லா சப்ஜெக்டும் கிளியர் பண்ணிட்டான்.’ இந்த வாக்கியங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலம்தான். ஆனாலும் இவற்றைத் தூக்கி நிறுத்துவது ‘பண்ணு’. பண்ணினேன், பண்ணுவார், பண்ணாதே என்று காலம், ஆள், மரியாதை, மறுப்பு எல்லாவற்றையும் அது சுமக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு வேலையும் இல்லை, வண்டியில் உட்கார்ந்து வருகிறது. அப்புறம் ஆங்கிலத்தில் பேசப் போகும்போது ‘பண்ணு’ இறங்கிக்கொள்கிறது. கையில் வெறும் பெயர்ச்சொல் மட்டும் மிஞ்சுகிறது. எக்ஸாம், ஹோம்வொர்க், நோட்ஸ், டிகிரி எல்லாம் இருக்கும். அவற்றை நடத்திச் செல்ல வினைச்சொல் இருக்காது. நீங்கள் பேராசிரியர் முன்னால் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இன்னும் ஆயிரம் பெயர்ச்சொல்லைச் சேர்த்தாலும் தடுமாற்றம் அதே இடத்தில் இருக்கும்.

ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பழகிய வினைச்சொல் ஒன்றோ இரண்டோ உண்டு. தமிழில் காபி ‘குடிக்கிறோம்’, சாப்பாடு ‘சாப்பிடுகிறோம்’ என்று யாரும் விதி படித்துப் பேசுவதில்லையே, அதுபோலத்தான். ஹோம்வொர்க்கை ‘டூ’ செய்வார்கள், ‘மேக்’ செய்ய மாட்டார்கள். முன்னேற்றத்தை, அதாவது ‘பிராக்ரஸ்’ஸை, ‘மேக்’ செய்வார்கள், ‘டூ’ செய்ய மாட்டார்கள். கவனத்தை ‘பே’ செய்வார்கள், காசு கொடுப்பதுபோல. வகுப்பில் ஆசிரியர் பேசும்போது எழுதினால் ‘டேக் நோட்ஸ்’, வீட்டில் புத்தகத்தைப் படித்து நாமே எடுத்தால் ‘மேக் நோட்ஸ்’. இந்த வேறுபாடு பிரிட்டிஷ் வழக்கில் நன்றாகத் தெரியும். வருகைப் பதிவை ஆசிரியர் ‘டேக்’ செய்கிறார். நாம் அதைக் ‘கொடுப்பது’ இல்லை, ‘பிரசென்ட்’ என்று பதில் சொல்கிறோம், அவ்வளவுதான்.

தேர்வு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தமிழில் பரீட்சை ‘எழுதுகிறோம்’, அதனால் ‘ரைட் தி எக்ஸாம்’ என்று நமக்குத் தானாக வருகிறது. கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும்கூட அப்படிச் சொல்கிறார்கள், ஆகவே அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். ஆனால் அமெரிக்கர் ‘டேக் அன் எக்ஸாம்’ என்பார். பிரிட்டனில் அதோடு ‘சிட் அன் எக்ஸாம்’ என்பதும் உண்டு. கட்டாயம் விட வேண்டியது ‘கிவ் தி எக்ஸாம்’. தேர்வைக் ‘கொடுப்பவர்’ ஆசிரியர். ‘ஐ கேவ் மை எக்ஸாம் எஸ்டர்டே’ என்று மாணவி சொன்னால், நேற்று நீங்கள் யாருக்கோ தேர்வு வைத்தீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். தேர்வு அறையில் நடந்துகொண்டே கண்காணிப்பவர் பிரிட்டனில் ‘இன்விஜிலேட்டர்’, அமெரிக்காவில் ‘பிராக்டர்’. தேறாமல் போனவர் மறுபடி எழுதுவது பிரிட்டனில் ‘ரீசிட்’, அமெரிக்காவில் ‘ரீடேக்’. நம் ‘அரியர்’ இருக்கிறதே, அது நம் கல்லூரிகளுக்கு வெளியே பெரும்பாலும் பணம் சம்பந்தப்பட்ட சொல். கட்டாமல் விட்ட வாடகையும் கடன் தவணையும்தான் அங்கே அரியர். ‘ஐ ஹேவ் டூ அரியர்ஸ்’ என்று விண்ணப்பத்தில் எழுதினால் படிப்பவருக்குப் பாடம் ஞாபகத்துக்கு வராது.

இப்படி இடம் மாறினால் பொருள் மாறும் சொற்கள் இன்னும் இருக்கின்றன. எல்லாவற்றையும் இங்கே கொட்ட மாட்டேன். உங்களை உடனே இடறிவிடக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ‘டியூஷன்’ நமக்கு மாலையில் போகும் தனிவகுப்பு. பிரிட்டனில் கற்பித்தல் என்று பொதுப்பொருள். அமெரிக்காவில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே டியூஷன். ‘ஹவ் மச் இஸ் தி டியூஷன்?’ என்று அங்கே கேட்டால் கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று பொருள். அந்தச் சொல்லின் லத்தீன் வேருக்குக் காத்தல், கண்காணித்தல் என்று அர்த்தம். ‘டியூட்டர்’ அதே வேரிலிருந்து வந்தவர், பிள்ளையைக் காப்பவர். இந்த வேர் தெரிந்தபின் எனக்கு அந்தச் சொல்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

‘ஃபேக்கல்டி’ நமக்கு ஒரு ஆசிரியர்: ‘புதுசா ஒரு ஃபேக்கல்டி வந்திருக்காங்க.’ அமெரிக்காவில் அது ஆசிரியர்கள் அனைவரையும் சேர்த்துக் குறிக்கும் சொல். பிரிட்டனில் பல துறைகள் அடங்கிய பெரும்பிரிவு, அதாவது புலம். ‘ஸ்டாஃப்’ கதையும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஒரு ஆசிரியரைச் சொல்ல வேண்டுமென்றால் ‘லெக்சரர்’, ‘டீச்சர்’, ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்று சொல்லுங்கள். ‘புரொஃபெசர்’ என்பதில் மட்டும் கவனம் தேவை. அமெரிக்காவில் கல்லூரியில் பாடம் நடத்தும் யாரையும் மாணவர்கள் அப்படி அழைப்பதுண்டு. பிரிட்டனில் அது மிக உயர்ந்த பதவியின் பெயர்.

‘சீனியர்’, ‘ஜூனியர்’ நமக்கு உறவுமுறைபோல. நமக்கு மேல் வகுப்பில் படிப்பவர் யாராக இருந்தாலும் சீனியர்தான். அமெரிக்கக் கல்லூரியில் சீனியர் என்றால் நான்காம் ஆண்டு மாணவர், ஜூனியர் என்றால் மூன்றாம் ஆண்டு. இரண்டாம் ஆண்டுக்கு ‘சோஃபமோர்’, முதலாண்டுக்கு ‘ஃபிரெஷ்மன்’. பிரிட்டனில் முதலாண்டு மாணவர் ‘ஃபிரெஷர்’. ‘பாஸ் அவுட்’ என்பதையும் விட்டுவிடுங்கள். ராணுவப் பயிற்சிக் கல்லூரிகளில் படிப்பு முடித்து வெளியேறுவதற்கு அந்தச் சொல் உண்டு, மற்ற இடங்களில் மயங்கி விழுவது. படிப்பை முடித்ததற்கு ‘கிராஜுவேட்’ என்ற வினை தயாராக இருக்கிறது: ‘ஐ கிராஜுவேட்டட் லாஸ்ட் இயர்.’ ‘ரிவைஸ்’ பிரிட்டனில் தேர்வுக்குப் படிப்பது. அமெரிக்காவில் எழுதியதைத் திருத்தி எழுதுவது. தேர்வுக்குப் படிப்பதற்கு அவர்கள் ‘ரிவியூ’ என்பார்கள். ‘தீசிஸ்’, ‘டிஸர்டேஷன்’ இரண்டும்கூட இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேட்டை அமெரிக்காவில் பெரும்பாலும் டிஸர்டேஷன் என்பார்கள், பிரிட்டனில் தீசிஸ் என்பார்கள்.

சரி, ‘ஆபீஸ் அவர்ஸ்’. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அந்த இடம்தான். பேராசிரியர் தன் வேலையைப் பார்க்கும் நேரம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் போகவில்லை. உண்மையில் அது அவர் தன் வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருக்கும் நேரம். பல இடங்களில் முன்கூட்டிச் சொல்லக்கூடத் தேவையில்லை. அறைக்குப் போய்க் கதவைத் தட்டலாம். மாணவர் யாரும் வராவிட்டால் அந்த ஒரு மணி நேரம் வீணாகிறது. ஆபீஸ் தெரியும், அவர்ஸ் தெரியும், இரண்டும் சேர்ந்தால் என்ன என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. ஆங்கிலத்தை வீட்டில் பேசி வளர்ந்த மாணவர்களுக்கே, அவர்கள் குடும்பத்திலிருந்து முதலில் கல்லூரிக்கு வந்தவர்களாக இருந்தால், இந்தச் சொல் தெரிவதில்லை என்று நான் கண்டிருக்கிறேன். இதற்கும் மொழிக்கும் தொடர்பு குறைவு. நிறுவனத்தின் உள்வழக்கம் இது, உள்ளே இருப்பவர் ஒருவர் சொன்னால்தான் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

தனித்தனிச் சொல்லாகப் படிக்காமல் எப்படிப் படிப்பது என்று கேட்பீர்கள். ஒரு புது நோட்டை எடுங்கள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று கோடு போடாதீர்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பொருள் பிறந்ததிலிருந்து முடியும்வரை அதற்கு என்னென்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதுங்கள். அசைன்மென்ட் என்ற பக்கத்தை நானே எழுதிக் காட்டுகிறேன். ஆசிரியர் அதை ‘செட்’ செய்கிறார் அல்லது ‘கிவ்’ செய்கிறார். நாம் அதைத் தொடங்கி, சில நாள் அதன்மேல் வேலை பார்க்கிறோம், ‘ஒர்க் ஆன்’. ஒப்படைக்க வேண்டிய நாளைச் சொல்ல ‘டியூ’ போதும்: ‘இட்ஸ் டியூ ஆன் ஃபிரைடே.’ அந்த நாளுக்குள் கொடுத்துவிட்டால் டெட்லைனை ‘மீட்’ செய்தோம், தவறினால் ‘மிஸ்’ செய்தோம். முடியாதென்று முன்பே தெரிந்தால் ‘எக்ஸ்டென்ஷன்’ கேட்கலாம்: ‘குட் ஐ ஹேவ் அன் எக்ஸ்டென்ஷன் அன்டில் மண்டே?’ ஒப்படைப்பது ‘ஹேண்ட் இன்’, அமெரிக்காவில் ‘டர்ன் இன்’, எங்கும் செல்லுபடியாவது ‘சப்மிட்’. ஆசிரியர் திருத்துவது ‘மார்க்’, அமெரிக்காவில் ‘கிரேட்’. கடைசியில் ‘ஹேண்ட் பேக்’ செய்கிறார், ‘ஃபீட்பேக்’ தருகிறார். பாருங்கள், பெயர்ச்சொல் நாலைந்துதான் வந்தது. இதை வைத்துக்கொண்டு வகுப்புத் தோழியிடம் ஐந்து நிமிடம் பேசலாம்.

டெட்லைன் என்ற சொல் பிறந்த இடத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-இல், போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்த ஆண்டர்சன்வில் முகாமில் வேலிக்கு உள்ளே ஓர் எல்லைக்கோடு இருந்தது. அதைத் தாண்டும் கைதியைக் காவலர் சுட்டுவிடுவார். அந்தக் கோடுதான் டெட்லைன். பிறகு பத்திரிகை அலுவலகங்கள் வழியாக நேர எல்லை என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையைச் சொன்னபிறகு என் வகுப்பில் யாரும் அந்தச் சொல்லை மறந்ததில்லை. சொல்லுக்குள் இருக்கும் கதை மனப்பாடத்தைவிடப் பலமான பசை. ‘லெக்சர்’ என்றால் லத்தீனில் வாசித்தல். அச்சுப் புத்தகம் வராத காலத்தில் ஆசிரியர் ஏட்டை வாசிக்க, மாணவர்கள் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ‘கரிக்குலம்’ என்றால் ஓட்டம், ‘கோர்ஸ்’ஸும் அதே வேர்தான். ‘பிளேஜியரிசம்’, அதாவது பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவது, ஆளைக் கடத்துபவன் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தன் கவிதைகளைத் திருடியவனை ரோமானியக் கவிஞர் மார்ஷியல் அப்படித்தான் திட்டினார். ‘சிலபஸ்’ இருக்கிறதே, அது பிழையிலேயே பிறந்த சொல். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் கடிதங்களை 15-ஆம் நூற்றாண்டில் அச்சிட்டபோது, சுருளில் ஒட்டும் பெயர்ச்சீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைத் தவறாகப் படித்துவிட்டார்கள். அந்தத் தவறு நிலைத்து, இன்று ஒவ்வொரு மாணவர் கையிலும் இருக்கிறது. ஒரு பிழையாவது வந்துவிடுமோ என்று பயந்து பேசாமல் இருக்கும் மாணவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

வேற்றுமை உருபும் தமிழிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும். ‘இதைப் பற்றி விவாதிப்போம்’ என்ற வழக்கத்தில் ‘டிஸ்கஸ் அபவுட் திஸ்’ என்று வருகிறது. ‘டிஸ்கஸ்’ஸுக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது, ‘அபவுட்’ வேண்டாம். ‘எனக்கு விளக்குங்கள்’ என்பது ‘எக்ஸ்பிளெயின் மீ’ ஆகிறது. அங்கே நம் ‘கு’வுக்கு ஈடாக ‘டு’ வேண்டும்: ‘எக்ஸ்பிளெயின் இட் டு மீ.’ இந்த இரண்டையும் சரிசெய்தாலே பேச்சு பாதி தெளிந்துவிடும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கப் போவது. சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு மாணவன் விடைத்தாளோடு வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. நான்கு பக்க விடை, ஒரு தகவல்கூடத் தப்பில்லை, பாதி மதிப்பெண்கூட வரவில்லை. வினாவின் முதல் சொல் ‘எவாலுவேட்’. அவன் எழுதியிருந்ததெல்லாம் ‘டிஸ்க்ரைப்’புக்கான விடை. பாடம் அத்தனையும் தெரிந்த பையன், ஒரு வினைச்சொல்லால் தோற்றிருந்தான். அன்றிலிருந்து எந்த வகுப்புக்குப் போனாலும் முதல் வாரத்தில் வினாத்தாள் வினைகளைத்தான் நடத்துகிறேன்.

வகுப்பறையில் கைபேசி என்ற ஒரே தலைப்பை வைத்துப் பார்ப்போம். ‘ஸ்டேட்’ என்றால் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர வேண்டும், விளக்கம் கேட்கவில்லை. ‘அவுட்லைன்’ என்றால் முக்கியக் கருத்துகள் மட்டும், கோட்டோவியம்போல. ‘டிஸ்க்ரைப்’ என்றால் யார், எப்போது, எதற்குக் கைபேசியை எடுக்கிறார்கள் என்று கண்முன் காட்ட வேண்டும். ‘எக்ஸ்பிளெயின்’ வந்தால் ‘ஏன்’ வர வேண்டும். ஏன் எடுக்கிறார்கள், எடுத்தால் கவனம் ஏன் சிதறுகிறது என்று காரணமும் விளைவும் இல்லாமல் அந்த விடை நிற்காது. ‘கம்பேர்’ என்றால் கைபேசியையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒற்றுமை வேற்றுமை பார்க்க வேண்டும். ‘கான்ட்ராஸ்ட்’ வேற்றுமையை மட்டும் கேட்கிறது. ‘ஜஸ்டிஃபை’ என்றால் ஒரு முடிவு கையில் இருக்கிறது, அது சரி என்பதற்கான காரணங்களை அடுக்க வேண்டும். ‘டிஸ்கஸ்’ பேச்சுமொழியில் கலந்து பேசுவது. தேர்வில் அது ஒருவரே இரண்டு தரப்புக்காகவும் பேசி, ஆதாரம் காட்டி, ஒரு நிலைக்கு வருவது. ‘எவாலுவேட்’டுக்குள் ‘வேல்யூ’ ஒளிந்திருக்கிறது. தடை போட்டால் எந்த அளவுக்குப் பலன், எங்கே பலன் இல்லை என்று எடைபோட்டு உங்கள் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். தீர்ப்பு இல்லாத விடை அங்கே விடையே இல்லை. இந்த வினைகளோடு ‘கிரிட்டிகலி’ சேர்ந்து வந்தால் குறை கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள் என்று பயப்படாதீர்கள். அந்தச் சொல்லின் கிரேக்க வேருக்குப் பிரித்தறிந்து முடிவெடுத்தல் என்று பொருள். நல்லதை நல்லது என்று காரணத்தோடு சொன்னாலும் அது கிரிட்டிகல்தான்.

உங்கள் பழைய வினாத்தாள்கள் ஐந்தை எடுத்து இந்த வினைகளை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். உங்கள் பாடத்தில் எது அடிக்கடி வருகிறது என்று ஒரே மாலையில் தெரிந்துவிடும். அந்த நான்கைந்து சொற்களை ஆழமாகத் தெரிந்துகொள்வது, நோட்டில் இருக்கும் ஆயிரத்தைவிட உங்களுக்கு உதவும்.

ஒரு மாதம் கழித்துப் புதுச் சொல் வேண்டுமென்றால் எங்கே போவது? பள்ளிப் பொருள்களின் பட்டியலுக்குத் திரும்பிப் போகாதீர்கள். பெஞ்ச், சாக்பீஸ், பென்சில் பாக்ஸ் எல்லாம் உங்களுக்கு எப்போதோ தெரிந்தவை. நியூசிலாந்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அகடமிக் வேர்ட் லிஸ்ட் என்று தேடினால் கிடைக்கும். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று எல்லாத் துறைக் கல்வி நூல்களிலும் பொதுவாகத் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் இருக்கின்றன. மிக அடிப்படையான 2000 சொற்களை விட்டுவிட்டுத் தொகுத்த பட்டியல் அது. கல்வி நூல்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு சொல் இதிலிருந்துதான் வருகிறது. ‘அனலைஸ்’, ‘அஸ்யூம்’, ‘டெரைவ்’ (வருவித்தல்), ‘சிக்னிஃபிகன்ட்’ போன்றவை. பெயர்ச்சொல்லைவிட இத்தகைய சொற்கள்தான் உங்கள் பாடப்புத்தகத்தின் மூட்டுகள். அதையும் வாரத்துக்குப் பத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். எடுத்த பத்தையும் உங்கள் பாடப்புத்தகத்தில் கண்ணால் கண்ட பிறகே நோட்டில் ஏற்றுங்கள். மறுநாள் ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை, பக்கத்தை மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிப் பாருங்கள். படித்த ஓரிரு நாளிலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதிவிட்டார். ஆகவே மறதி உங்கள் குறை இல்லை, இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்த்தால் அது குறையும்.

இப்போது அந்த மெயில். இன்றே அனுப்பிவிடலாம், தள்ளிப்போட வேண்டாம்.

‘டியர் புரொஃபெசர்’ என்று தொடங்கி அவர் குடும்பப் பெயரைச் சேருங்கள். அப்புறம்: ‘தேங்க் யூ ஃபார் யுவர் ரிப்ளை. ஐம் சாரி ஐ வாஸ்ன்ட் கிளியர். ஐ டோன்ட் டிஸக்ரீ வித் தி லெக்சர். தேர் இஸ் ஒன் பார்ட் ஐ டிட்ன்ட் ஃபாலோ. குட் ஐ கம் டு யுவர் ஆபீஸ் அவர்ஸ் ஆன் டியூஸ்டே?’ கீழே உங்கள் பெயர், பாடத்தின் பெயர். இவ்வளவுதான், ஐந்தே வாக்கியம். இதில் உங்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குப் போகும்போது குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். புரியாத பகுதியில் விரலை வைத்துக் காட்டினால் பாதி வாக்கியம் மிச்சமாகும். கதவு திறந்திருந்தாலும் ஒருமுறை தட்டுங்கள். ‘ஹலோ, ஐம் ஃபிரம் யுவர் ஃபர்ஸ்ட் இயர் கிளாஸ். ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் திஸ்.’ அவர் வேகமாகப் பேசினால் ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன், எ லிட்டில் மோர் ஸ்லோலி?’ என்று தயங்காமல் கேளுங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும். அவர் என்ன சொன்னார், எந்த இடத்தில் உங்களுக்கு வினைச்சொல் சிக்கியது என்று போய்வந்ததும் எனக்கு எழுதுங்கள்.